கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும்

செயலாளர்,
கல்வி, உயர்கல்வி மற்றும் தொழிற்கல்வி அமைச்சு,
இசுருபாய, பத்தரமுல்லை.

பெருமதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

2025 மே மாதம் 8ஆம் திகதி பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையின் முன்னாலும் பின்னர் கொட்டாஞ்சேனையிலும் கூடிய சனத்தைத் தங்கள் அமைச்சு மறந்திருக்காது. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பதினாறு வயதுப் பிள்ளையொன்று அதற்கு முந்தைய மாதம் 29ஆம் திகதி தன் உயிரை மாய்த்துக்கொண்டது. சில மாதங்களுக்கு முன்னரே ஓர் ஆசிரியர் மீது பாலியல் துன்புறுத்தல் முறைப்பாடு பொலிஸுக்குப் போயிருந்தது. பிறகு ஒரு ரியூஷன் வகுப்பில், மற்றப் பிள்ளைகளின் முன்னால் அவள் அவமானப்படுத்தப்பட்டாள் என்று பெற்றோர் சொன்னார்கள். சனம் வீதிக்கு இறங்கிய பிறகே அந்த ஆசிரியர் கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. பாராளுமன்றத்தில் பேசினார்கள், தொலைக்காட்சியில் பேசினார்கள், இரண்டு கிழமையில் வேறு செய்தி வந்தது.

குற்றம் செய்தவர் யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஓர் உயிர் போனதற்கு ஒரே காரணத்தைக் காட்டி முடித்துவிடுவதும் சரியல்ல. அந்தப் பிள்ளையின் பெயரையும் அது படித்த பாடசாலையின் பெயரையும் இந்த மடலில் எழுதப்போவதில்லை. தேவைக்கு மேலாகவே அவை ஊரெல்லாம் பரவிவிட்டன. நாம் கேட்பது நிர்வாகம் பற்றிய ஒரு கேள்வி. முறைப்பாட்டுக்கும் மரணத்துக்கும் இடையில் மாதங்கள் ஓடின. அந்த மாதங்களில் அவளைக் கூப்பிட்டு இருத்தி, வகுப்பில் யார் என்ன சொல்கிறார்கள், இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்பது கொழும்புக் கல்வி வலயத்தில் யாருடைய வேலையாக இருந்தது?

ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரின் வேலை என்று தங்கள் சுற்றறிக்கைகள் சொல்லும். அந்த ஆசிரியரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறோம்.

அவர் முதலில் ஒரு பாட ஆசிரியர். வரலாறோ சமயமோ விஞ்ஞானமோ கற்பிக்கிறார். நேரசூசியில் அவருக்குப் பாடவேளைகள் நிரம்பியிருக்கும். மிச்சமுள்ள வேளைகளில், வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்க்க அனுப்பப்படுகிறார். ஆலோசனைக்கென்று சில இடங்களில் ஓர் அறை இருக்கிறது, பல இடங்களில் நூலகத்தின் மூலை, அல்லது ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மேசை. அறை இருந்தாலும் பழைய விளையாட்டுச் சாமான்களும் பரிசளிப்பு விழாப் பதாகைகளும் அதற்குள்தான் கிடக்கும். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்துப் பாடசாலைகளில் வகுப்புக்கே இடமில்லை, ஆலோசனைக்கு எங்கே இடம் என்று அதிபர்மார் கேட்பதிலும் நியாயமுண்டு. இவ்வளவுக்கும் பிறகு ஒரு பிள்ளை துணிந்து அந்த மேசைக்கு வந்தால், பக்கத்தில் இரண்டு ஆசிரியைமார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். அங்கே பிள்ளை என்ன சொல்லும்? தலையிடிக்கிறது, வீட்டுக்குப் போகட்டா என்று கேட்கும்.

இதைவிடப் பாரதூரமான ஒன்றும் உண்டு. பல பாடசாலைகளில் ஆலோசனை ஆசிரியரே ஒழுக்காற்றுக் குழுவிலும் இருக்கிறார். காலையில் தலைமயிர் நீளத்தை அளந்து, கைபேசியைப் பறித்து, பெற்றோரைக் கூட்டிவா என்று சொன்னவரிடம் மத்தியானம் மனதைத் திறக்கச் சொல்கிறோம். 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் உடல் தண்டனை கூடாது என்றன. பிரம்பு ஓரளவு ஒதுங்கியிருக்கலாம். வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சொல்லும் வார்த்தை இன்னும் நிற்கவில்லை.

ஆனால் அறையும் நேரசூசியும் காசாலும் கட்டளையாலும் தீரக்கூடியவை. இந்த மடலை எழுத வைத்த விடயம் வேறு. ஆலோசனை ஆசிரியர் அதிபருக்குக் கீழே இருக்கிறார். அவருடைய லீவும் வகுப்புப் பங்கீடும் வருடாந்த மதிப்பீடும் அதிபரின் கையெழுத்தில் தங்கியிருக்கின்றன. அந்தப் பாடசாலையிலேயே ஓர் ஆசிரியருக்கு எதிராகவோ, நன்கொடை தரும் பழைய மாணவர் ஒருவருடைய மகனுக்கு எதிராகவோ ஒரு பிள்ளை வாய் திறந்தால், கேட்டவர் அதை எங்கே கொண்டுபோவார்? அதிபரிடம்தான். அதிபருக்கோ பாடசாலையின் பெயர் பெரிது. கொழும்பில் தமிழ்ப் பாடசாலைகள் சிலவே. ஒவ்வொன்றும் ஒரு சமூகம் காசு சேர்த்துக் கட்டிய கோட்டை மாதிரி, அதில் ஒரு கல் ஆடினாலும் எல்லோருக்கும் பதற்றம். விடயம் வெளியில் போனால் தரம் ஆறுக்குப் பிள்ளை சேர்க்க ஆட்கள் வரமாட்டார்கள், சிங்களப் பத்திரிகைகள் எழுதும், பழைய மாணவர் சங்கம் கோபிக்கும். அதனால் பேசித் தீர்க்கிறார்கள். தீர்ப்பது என்றால் பிள்ளையைப் பேசாமல் இருக்க வைப்பது என்று அர்த்தம். எல்லா அதிபரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. தாமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போன அதிபர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல மனம். ஒரு பிள்ளையின் பாதுகாப்பை அதிபரின் நல்ல மனத்தை நம்பி விடலாமா என்பதே எங்கள் கேள்வி.

உளவளத்துணையாளரின் ஆளணி பாடசாலைக்கு வெளியே, வலயக் கல்விப் பணிமனையில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பாடசாலைகளுக்கு ஒருவர் என்றாலும் பரவாயில்லை. அவருக்கு மதிப்பீடு எழுதுபவர் அந்தப் பாடசாலையின் அதிபராக இருக்கக்கூடாது. துஷ்பிரயோக முறைப்பாடு கிடைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அவர் நேரடியாக, அன்றைக்கே அறிவிக்க வேண்டும் என்றும், அதிபரின் அனுமதி அதற்குத் தேவையில்லை என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அந்தச் சபை உருவானது. கால் நூற்றாண்டு கடந்தும் அதற்கும் ஒரு வகுப்பறைக்கும் நடுவில் அதிபரின் அலுவலகக் கதவு நிற்கிறது.

இந்த இடத்தில் மொழியையும் சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் ஒன்றில் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. கணிதத்தைத் தமிழில் படிக்கும் பிள்ளை தன் பயத்தை மட்டும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டுமா? கொழும்பில் நல்ல உளவியலாளர்கள் இருக்கிறார்கள். கொழும்பு 7இல் மணித்தியாலக் கணக்கில் கட்டணம் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அரச வைத்தியசாலைச் சிகிச்சை நிலையத்தில் தமிழ் பேசுபவர் அன்றைக்கு இருந்தால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். இல்லையென்றால் தாய் மொழிபெயர்ப்பாள். தாயிடம் சொல்ல முடியாததைச் சொல்லத்தானே பிள்ளை அங்கே வந்தது!

பொலிஸ் நிலையம் இன்னொரு கதை. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் தமிழ்க் குடும்பங்கள் வந்த வரலாறு தங்களுக்குத் தெரியும். 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ட பாட்டிமாரும், யுத்த காலத்தில் லொட்ஜில் தங்கிப் பொலிஸ் பதிவுத் துண்டுக்காக வரிசையில் நின்ற தகப்பன்மாரும் இன்னும் இந்த வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொலிஸ் என்றால் ஒதுங்கிப்போக வேண்டிய இடம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வை என்று நீட்டினால், அந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வைக்கிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உரிமைகளை நன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. அந்த உரிமைகளைப் பிள்ளைக்கும் தாய்க்கும் தமிழில் விளங்கப்படுத்தி, பொலிஸுக்குக் கூடப் போய், மறுநாள் வகுப்புக்குத் திரும்பும்போதும் அருகில் நிற்க ஓர் ஆள் வேண்டும். பாடசாலை உளவளத்துணையாளர் என்று நாம் சொல்வது அந்த ஆளைத்தான்.

விபரீதம் நடந்த பிறகு ஓடிவரும் ஆளாக மட்டும் அவரை நினைத்துவிட வேண்டாம். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளின் சாதாரண நாட்களிலேயே அவருக்கு வேலை நிறைய.

வெள்ளவத்தையை எடுத்துக்கொள்வோம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பின்னேரம் நான்கு மணிக்கு நின்று பாருங்கள். பாடசாலைச் சீருடையோடேயே பிள்ளைகள் ரியூஷனுக்கு நடக்கிறார்கள். ஒரு வகுப்பு முடிந்து இன்னொன்று, வீடு திரும்ப இரவு எட்டு மணி. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் தகப்பன் வட்ஸ்அப்பில் பெறுபேறு கேட்கிறார். ஸ்பொன்சர் விசா வரும், வராது, வந்தால் உயர்தரம் எழுதுவதா விடுவதா என்ற நிச்சயமின்மையிலேயே சில பிள்ளைகளுக்கு மூன்று வருடம் போய்விடுகிறது. அம்மம்மாவோடு தொடர்மாடியில் வளரும் பிள்ளையிடம் உனக்கு என்ன விருப்பம் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

உயர்தரத்துக்குப் பிரிவு தெரிவதைப் பாருங்கள். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தால் உயிரியல், இல்லையென்றால் கணிதம், அதுவும் முடியாவிட்டால் வணிகம், மிஞ்சியவர்களுக்குக் கலை. பிள்ளையைத் தரம் பிரிக்கும் இந்தப் படிக்கட்டை யார் கட்டினார்கள் என்று தெரியாது, எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயரமானது. முல்லைத்தீவில் இருந்து எழுதினால் மருத்துவ பீடம் போகக்கூடிய இசட் புள்ளியோடு வெள்ளவத்தைப் பிள்ளை மூன்றாம் முறையும் எழுதுகிறது. இதைத் தரம் பதினொன்றிலேயே பக்கத்தில் இருந்து கணக்குப் போட்டுக் காட்டி, இன்னும் எந்தெந்த வழிகள் உண்டு என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால், இருபது வயதில் தன்னைத் தோற்றவனாக நினைத்துக்கொண்டு அறைக்குள் இருப்பவர்களில் பாதிப்பேராவது எழுந்து வெளியே வருவார்கள். ரியூஷன் மாஸ்டர் இதைச் சொல்லமாட்டார். மூன்றாம் முறை எழுதுபவரும் கட்டணம் கட்டுபவர்தானே.

155 பஸ்ஸில் ஏறி மறுகோடிக்குப் போனால் கொட்டாஞ்சேனையில் கதை மாறும். அங்கே பிரச்சினை ஒன்பது ஏ அல்ல. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஐந்துலாம்பு, செட்டியார் தெருப் பக்கம் கடைக்குப் போகும் பையன்கள். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர். இரவு வேலைக்குப் போகும் தாய், மத்திய கிழக்கில் இருக்கும் தாய். மலையகத்திலிருந்து மாமா வீட்டில் தங்கிப் படிக்க வந்து, கடை வேலையிலும் கைகொடுக்கும் பிள்ளைகள். ஐஸ் போதைப்பொருள் எந்த மூலையில் கிடைக்கும் என்று தரம் ஒன்பதுப் பையனுக்குத் தெரியும். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் இந்தப் பையன்களுக்காகத்தான் வந்தது, தொழிற்பாடங்கள் உண்டு. அதை அவன் வீட்டுக்குப் போய்த் தமிழில் சொன்னவர் யார்?

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது தரம் மூன்றிலும் நான்கிலும் இருந்த பிள்ளைகள் இப்போது உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டவர்கள், அயலவரை இழந்தவர்கள், வகுப்புத் தோழனை இழந்தவர்கள் அவர்களுக்குள் உண்டு. கோவில் திருத்திக் கட்டப்பட்டது, ஆணைக்குழுக்கள் இருந்தன. அந்தப் பிள்ளைகளை வருடாவருடம் பார்த்து வந்தவர் பாடசாலையில் எவருமில்லை.

இதற்கெல்லாம் தமிழில் ஆள் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைப்பார்கள். யுத்தத்தின் நடுவிலேயே யாழ்ப்பாணத்தில் இது நடந்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் உளநலம் பற்றித் தமிழில் நூல்கள் எழுதினார்கள். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தன. ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், வகுப்பில் ஒடுங்கிப்போயிருக்கும் பிள்ளையை எப்படி இனங்காண்பது, எந்த இடத்தில் மருத்துவரிடம் அனுப்புவது என்று கற்பித்தார்கள். மின்சாரமும் மருந்தும் இல்லாத காலத்தில் அங்கே முடிந்தது, இசுருபாயவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரில் உள்ள கொட்டாஞ்சேனையில் ஏன் முடியாது? தமிழில் உளவியலும் உளவளத்துணையும் படித்து வேலை தேடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பதவி உருவாக்க வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்து நாட்டில் 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற உளவள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டல் விதித்தது. தமிழ்நாட்டில் 2021இல் மாணவிகளின் மரணங்களைத் தொடர்ந்து, 14417 என்ற உதவி எண்ணைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக அரசு முனைந்தது. அமெரிக்கப் பாடசாலை ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்ற அளவைப் பரிந்துரைக்கிறது, அங்கேயே பல மாநிலங்கள் அதை எட்டவில்லை. நாம் அந்த அளவைக் கேட்கவில்லை.

அரசு ஒரு முடிவெடுத்தால் உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. ஆபத்தான பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள், தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதும் சட்டத்தை 1998இல் நீக்கினார்கள். வீதம் மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மற்ற நாடுகளுக்கு உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் போத்தலைத் தடைசெய்யலாம், வகுப்பறை அவமானத்தை வர்த்தமானியில் தடைசெய்ய முடியாது. 2016இல் 13 முதல் 17 வயது மாணவரிடம் நடத்திய தேசிய ஆய்வில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர், உயிரை விடுவதைப் பற்றித் தீவிரமாக யோசித்ததாகச் சொன்னார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் நான்கு பிள்ளைகள்.

ரியூஷன் வகுப்புகளையும் தனியார் பாடசாலைகளையும் பற்றி ஒரு சொல். வெள்ளவத்தையில் உள்ள சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை, தங்கள் சுற்றறிக்கை அங்கே செல்லாது என்பார்கள். ரியூஷன் நிலையங்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் ஒரு தரம் பத்துப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதி அங்கேதான் போகிறது. அங்கே கற்பிப்பவர் யார் என்று பதிவு, ஒரு நடத்தைக் கோவை, முறைப்பாடு செய்ய ஓர் இடம், இந்த மூன்றும் இல்லாமல் நிலையம் நடத்தக்கூடாது என்று சட்டம் கொண்டுவாருங்கள். எதிர்ப்பு வரும். ரியூஷன் பெரிய வியாபாரம்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. மகள் உளவளத்துணைக்குப் போனாள் என்று தெரிந்தால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படும் வீடுகள் எங்கள் மத்தியில் ஏராளம். அதனால்தான் அறை பாடசாலைக்குள் இருக்க வேண்டும் என்கிறோம். எல்லாப் பிள்ளையும் வருடத்தில் ஒரு முறையாவது, பிரிவு தெரிவதைப் பற்றியாவது பேச, அந்த அறைக்குப் போய்வரும்படி செய்தால், யார் எதற்காகப் போனார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க எவராலும் முடியாது.

தங்கள் அமைச்சருக்கு இந்த மடலில் உள்ள எதுவும் புதிதாக இருக்காது. பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் உள்ள கலாநிதி ஹரிணி அமரசூரிய, அரசியலுக்கு வருமுன் சிறுவர் பாதுகாப்புத் துறையில் வேலை செய்தவர். ஆகவே விளக்கம் போதும் என்று நினைக்கிறோம். கொழும்புக் கல்வி வலயத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் இதைத் தொடங்குங்கள். அதிபரின் கீழ் வராத, பாடம் எடுக்காத, தமிழில் பேசும் உளவளத்துணையாளர்களை வலயப் பணிமனையில் நியமியுங்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை ஒதுக்கச் சொல்லுங்கள். ஒழுக்காற்றுக் குழுவில் இருப்பவர் ஆலோசனைக் கதிரையில் இருக்கக்கூடாது என்று ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்புங்கள், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. இலவசப் பாடநூல்களில் தேசிய கீதம் அச்சிடும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற உதவி எண்ணைத் தமிழில் பெரிதாக அச்சிடுங்கள். தேசிய பாடசாலை உங்களுடையது, மாகாணப் பாடசாலை மேல் மாகாணத்துடையது என்ற பழைய பதில் வேண்டாம். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்த தவணை தொடங்குமுன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். வந்தால் இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுவோம். வராவிட்டால் அதையும் எழுதுவோம்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்: யாராவது உங்களைத் துன்புறுத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. மனம் தாங்கவில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் 1333 இலக்கத்துக்கோ தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கோ அழையுங்கள். நம்பும் ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு